நாய் வீட்டுக்குப் பூனை வரும்போது: கதவு சாத்திய நாளிலிருந்து கதவு திறக்கும் நாள்வரை

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டியைத் தத்தெடுத்து பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "கையில எடுத்து நாய் மூக்குகிட்ட காட்டுங்க, ரெண்டே நாள்ல பழகிடும்" என்றார் கீழ் வீட்டு அண்ணன். அப்படியே செய்தேன். எங்கள் நாட்டு நாய் வேலன் கழுத்தை நீட்டி ஒரே ஒரு முறை முகர்ந்தான். குட்டி என் முழங்கையிலிருந்து தோள்வரை நகத்தால் கிழித்துக்கொண்டு ஏறி, அங்கிருந்து பரணுக்குத் தாவிவிட்டது. அதற்குப் பிறகு நடுராத்திரியில் மட்டும் இறங்கி வந்து இரண்டு வாய் சாப்பிடும், மறுபடி ஏறிவிடும். வேலன் பகலெல்லாம் பரணுக்குக் கீழே உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாம் நாள் குட்டியை மீட்டவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் வீட்டில் கூடையைத் திறந்த அரை மணி நேரத்தில் அது வயிறு நிறையச் சாப்பிட்டது. பூனையிடமும் தப்பில்லை, நாயிடமும் தப்பில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டு வருடம் கழித்து மிளகு வந்தாள். ஐந்து மாதக் கறுப்புக் குட்டி. அதற்குள் வேலனோடு லட்டு என்ற லாப்ரடாரும் சேர்ந்திருந்தான். இந்த முறை பதினோரு வாரம் எடுத்துக்கொண்டோம். அந்தப் பதினோரு வாரத்தில் செய்ததையும், மருத்துவரிடமும் பூனைகளை மீட்பவர்களிடமும் கற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

எதை நோக்கிப் போகிறோம்

நாயும் பூனையும் கட்டிப்பிடித்துத் தூங்கும் படத்தை மனதில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அப்படி நடந்தால் சந்தோஷம். ஆனால் உங்கள் இலக்கு அது இல்லை. நாய் பூனையைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்குப் போகலாமா என்பதை அந்தத் தலை திருப்புவதை வைத்தே முடிவு செய்யுங்கள். நாட்கணக்கு எல்லாம் தோராயமானதுதான்.

முதலில் உங்கள் நாய்

பூனையைத் தேடும் முன் நாயைப் பாருங்கள். தெருவில் பூனையைக் கண்டால் என்ன செய்கிறது? குரைத்துத் துள்ளி, நீங்கள் கூப்பிட்டதும் திரும்பி வரும் நாயைப் பழக்கிவிடலாம். சத்தமே போடாமல், உடம்பு கல்லாகி, வாய் மூடி, கண் இமைக்காமல் பார்த்து, மூக்கின் முன் கோழித் துண்டை நீட்டினாலும் திரும்பாத நாயிடம்தான் ஜாக்கிரதை தேவை. ஏற்கெனவே எலியையோ அணிலையோ பூனையையோ பிடித்து உலுக்கிய நாய் என்றால், அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை பூனை வேண்டாம். ஆசைக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

நம் ஊரிலிருந்து சிப்பிப்பாறையோ கன்னியோ கொண்டுவந்து இங்கே வளர்ப்பவர்கள் உண்டு. இவை முயலைத் துரத்தவே வழிவழியாக வளர்க்கப்பட்டவை. ஓடுகிற சின்ன உருவத்தைக் கண்டால் கால் தானாகப் பாயும். குட்டியிலிருந்தே பூனையோடு வளர்ந்தால் வீட்டுக்குள் அமைதியாக இருக்கலாம். வளர்ந்த நாய் என்றால் இரட்டிப்பு நிதானம் வேண்டும்.

பூனை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே "விடு" என்ற ஒரு சொல்லைப் பழக்குங்கள். மூடிய கைக்குள் வேகவைத்த கோழித் துண்டை வைத்து நாயிடம் நீட்டுங்கள். முகரும், நக்கும், காலால் பிராண்டும். ஒன்றும் சொல்லாதீர்கள். சலித்துப்போய் மூக்கை எடுக்கும் அந்த நொடியில் "சரி" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறு துண்டைக் கொடுங்கள். நான்கைந்து நாளில் கையை நீட்டியதுமே பின்வாங்கும். அப்புறம் "விடு" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்த ரொட்டி, தெருவில் ஓடும் அணில் என்று மெல்ல மெல்லக் கடினமாக்குங்கள். லட்டு பத்து நாளில் பிடித்துக்கொண்டான். எட்டு வயது வேலனுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

எந்தப் பூனை

பெங்களூரில் தத்துக்கொடுக்கப் பூனைகள் நிறைய இருக்கின்றன. 1991இல் தொடங்கிய சியூபிஏ (CUPA) போன்ற விலங்கு நல அமைப்புகள் ஒருபுறம், தனியாக மீட்டு வளர்த்துக் கொடுப்பவர்கள் ஒருபுறம். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது நாயோடு இருந்திருக்கிறதா?" நாய்கள் இருக்கும் மீட்பாளர் வீட்டில் வளர்ந்த பூனை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 2008இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளைப் பார்த்ததில், பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் வந்திருந்தால் ஒத்துப்போவது சுலபம் என்று கண்டார்கள். அதற்காக வளர்ந்த பூனையை ஒதுக்காதீர்கள். நாயைப் பார்த்து ஓடாமல் நின்று சீறத் தெரிந்த, நிதானமான மூன்று வயதுப் பூனை, பயந்த குட்டியைவிடப் பாதுகாப்பானது. ஓட்டம்தான் நாயைத் தூண்டிவிடும்.

வீட்டுக்கு வருமுன் மருத்துவரிடம் ஒரு நடை. எட்டு வாரத்தில் மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. குடற்புழு மருந்து, உண்ணி, தெள்ளுப்பூச்சி எல்லாம் அங்கேயே பார்த்துவிடலாம். படர்தாமரை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மீட்கப்பட்ட குட்டிகளில் அது சகஜம், நாய்க்கும் நமக்கும் ஒட்டும். நாயின் தடுப்பூசிகளும் தேதி தவறாமல் போட்டிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனை கட்டுப்படியாகாது என்றால் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

தீபாவளி வாரத்தில் மட்டும் கொண்டுவராதீர்கள். வெடிச் சத்தத்தில் இரண்டுமே நடுங்கிக்கொண்டிருக்கும்.

ஓர் அறை, ஒரு கதவு

பூனைக்கென்று கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். ஒற்றைப் படுக்கையறை வீடு என்றால் அந்தப் படுக்கையறையே சரி, நாய்கள் சில வாரம் கூடத்தில் தூங்கட்டும். குளியலறையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். ஈரம், எதிரொலி, ஒளிய இடமில்லை.

அறைக்குள் மலம் கழிக்க மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் அதற்கு எதிர் மூலையில். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு. ஒரே வழி இருக்கும் பெட்டி பூனைக்குப் பொறிதான். ஏறி உட்கார உயரமான இடம் ஒன்று: அலமாரி மேல் ஒரு பழைய போர்வை போதும். ஜன்னல், பால்கனிக்கு வலை அவசியம். புறாவுக்காக அடிக்கும் நைலான் வலையைப் பூனை கடித்தே ஓட்டை போட்டுவிடும், கம்பி வலையாக இருக்கட்டும். பூனைக்கு ஒன்பது உயிர் என்று நம்பிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். மாடியிலிருந்து விழுந்து தாடையும் காலும் உடைந்த பூனைகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதே வேலையாகக் கூடத்திலும் ஒரு மேல்பாதை அமைத்துவிடுங்கள். பின்னால் பூனை இறங்கி வரும்போது, தரையில் கால் வைக்காமலே அறைக் கதவிலிருந்து சமையலறைவரை போக வேண்டும். நாங்கள் தையல் மிஷின், புத்தக அலமாரி, பிரிட்ஜ் மூன்றையும் ஒரு தாவல் தூரத்தில் நகர்த்தி வைத்தோம். அம்மாவுக்கு வீட்டின் அழகு போய்விட்டதே என்று வருத்தம்தான். ஆனால் மிளகுக்குத் தைரியம் கொடுத்ததில் பாதி அந்த மூன்று சாமான்கள்.

முதல் மூன்று நாள்

கூடையை நேராக அறைக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டுக் கூடையைத் திறவுங்கள். அந்த நேரத்தில் நாய்களை யாராவது நடைக்கு அழைத்துப் போயிருக்கட்டும். பூனையை வெளியே இழுக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து உங்கள் பாட்டுக்கு ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். கண்ணைப் பார்க்க நேர்ந்தால், இமைகளைப் பாதி மூடி மெதுவாகத் திறவுங்கள். 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், இப்படி மெல்லக் கண் சிமிட்டும் மனிதரிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வந்தன. மிளகு மூன்றாம் நாள் சாயங்காலம் பதிலுக்குச் சிமிட்டினாள்.

முதல் நாள் ஒளிந்துகொண்டு சாப்பிடாமல் இருப்பது வழக்கம். ஆனால் முழுதாக ஒரு நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், இரண்டாம் நாளுக்குத் தள்ளாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். சின்னக் குட்டி என்றால் அரை நாள்கூடப் பொறுக்காதீர்கள். உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலி பெரும்பாலும் வேலை செய்யும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும்.

கண்ணுக்கு முன் மூக்கு

நான்காம் நாள்வாக்கில், பூனை சாப்பிட்டு, மணல் தட்டை உபயோகித்து, உங்களிடம் உரசத் தொடங்கியதும் இந்தப் படி. பூனையின் கன்னத்திலும் நாயின் கழுத்திலும் தனித்தனித் துணியால் தடவுங்கள். பழைய வேட்டித் துணி போதும். பூனையின் துணியை நாயின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், நாயின் துணியைப் பூனை அறையின் ஓரத்தில். பூனையின் தட்டுக்குக் கீழேயே வைத்தால் பயத்தில் சாப்பாட்டை விட்டுவிடும். ஓர் அடி தள்ளி வைத்து, நாளுக்கு நாள் நெருக்குங்கள். துணியைப் பார்த்துச் சீறினால் பரவாயில்லை, அதன்மேல் படுத்துத் தூங்கும் நாள் வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

அப்புறம் கதவுச் சாப்பாடு. சாத்திய கதவின் இருபுறமும் இரண்டு தட்டு. முதலில் ஆறடி தள்ளி, பிறகு கதவுக்கு அருகே. லட்டு தன் தட்டை முடித்துவிட்டுக் கதவின் கீழிடுக்கில் மூக்கை வைத்துக் காற்றை இழுப்பான். அது வெறும் ஆர்வம். பிராண்டுவது, முனகுவது, கதவை விட்டு நகராமல் கிடப்பது என்றால் தட்டை மறுபடி தள்ளி வையுங்கள்.

இதற்கு நடுவே ஒரு நாளைக்கு அரை மணி நேரம், நாய்கள் வெளியே போயிருக்கும்போது பூனையை வீடு முழுக்க நடக்க விடுங்கள். எங்கே ஏறலாம், எங்கே ஒளியலாம் என்ற வரைபடம் அதன் தலைக்குள் உருவாக வேண்டும். நாயும் பூனையின் அறைக்குள் போய் முகர்ந்து வரட்டும். அதற்கு முன் மணல் தட்டை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைத் தின்றுவிடும்.

முதல் பார்வை

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள், நானும் ஒரு முறை பட்டேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதவுக்குப் பதில் ஒரு தடுப்பு வேண்டும். குழந்தைகளுக்கான பேபி கேட் போடலாம், பழைய வீடுகளின் கிரில் கதவும் சரி. நாயை முதலில் நன்றாக நடக்கவைத்துக் களைப்பாக்குங்கள். கழுத்தில் இல்லாமல் மார்போடு கட்டும் வாரில் கயிற்றை மாட்டி, ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் பூனையோடு. இரண்டு நாய் இருந்தால் ஒவ்வொன்றாக, அமைதியான நாய் முதலில். இரண்டையும் ஒன்றாக விட்டால் ஒன்றின் பதற்றம் மற்றதைத் தொற்றிக்கொள்ளும்.

நாய் கூடத்தின் மறு கோடியில். பூனை தானாக நடந்து கண்ணில் படட்டும். தூக்கிக்கொண்டு வராதீர்கள், கூடையில் வைத்துக் காட்டாதீர்கள். தப்ப வழியில்லாத பூனைக்குப் பயம் பத்து மடங்கு.

நாய் பூனையைப் பார்த்த உடனே, அதற்கு வெறி ஏறும் முன், "லட்டு" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டு ஒரு துண்டு கோழி. மறுபடி பார்க்கிறதா, மறுபடி கோழி. சில தடவைக்குப் பிறகு பூனையைப் பார்த்துவிட்டு உங்களைத் தேடித் திரும்பும். உற்றுப் பார்த்தால் அது வரிசையாக நடப்பது தெரியும். முன்பக்கம் விறைத்திருந்த காதுகளின் அடி தளரும், மூடியிருந்த வாய் திறந்து நாக்கு எட்டிப் பார்க்கும், கண் ஒரு முறை இமைக்கும், அதற்கப்புறம்தான் கழுத்து திரும்பும். லட்டுவிடம் இதை முதல் முறை பார்த்த சாயங்காலம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நிமிடம்தான் நடந்திருக்கும். அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்று நான்கு நிமிடத்துக்குமேல் நீட்டாதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். நாய் துண்டை வாங்க மறுத்தால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். திட்டாமல், கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல், அப்படியே பின்னால் நடத்திச் செல்லுங்கள். பூனையைப் பார்த்தபோதெல்லாம் திட்டு வாங்கிய நாய், பூனையால்தான் திட்டு என்று கணக்குப் போட்டுவிடும்.

பூனையின் பக்கமும் கவனம் வேண்டும். காது தட்டையாகி, வால் பாட்டில் தூரிகை போலச் சிலிர்த்தால், அத்தோடு நிறுத்தச் சொல்கிறது என்று பொருள். சீறுவதைத் தடுக்காதீர்கள், அது சண்டையைத் தவிர்க்கத்தான் சீறுகிறது. வால் விஷயத்தில் இரண்டுக்கும் மொழி வேறு. நாயின் தளர்ந்த வாலாட்டல் நட்பு. பூனை வாலைச் சாட்டை மாதிரி அடித்தால் எரிச்சல். வாலை நேராகத் தூக்கிக்கொண்டு வந்தால் நல்ல மனநிலை.

எங்களுக்கு இந்தப் படி மட்டும் ஐந்து வாரம்.

ஒரே அறையில்

தடுப்புக்கு இருபுறமும் இருவரும் தத்தம் வேலையைப் பார்க்கத் தொடங்கியபின் தடுப்பைத் திறக்கலாம். நாய் கயிற்றோடு பாயில் படுத்திருக்க, பூனைக்குக் கயிறு கிடையாது, மேல்பாதை திறந்திருக்கும். அருகே போவதா வேண்டாமா என்பது பூனையின் முடிவு. மிளகு நான்கு நாள் பிரிட்ஜ் மேலிருந்தே பார்த்தாள். ஐந்தாம் நாள் இறங்கி வேலனின் வாலை முகர்ந்துவிட்டு ஓடினாள். வேலன் எழ முயன்றான். "விடு" என்றதும் தலையைக் காலில் போட்டுக்கொண்டான்.

இரண்டு வாரம் இது ஒழுங்காக நடந்தால் கயிற்றைக் கையிலிருந்து விடலாம், ஆனால் நாயிடம் மாட்டியே இருக்கட்டும். துரத்தத் தொடங்கினால் கயிற்றின் நுனியை மிதித்தாலே போதும். விளையாட்டுத் துரத்தல்தானே என்று சிரித்துக்கொண்டு பார்க்கவேண்டாம். லாப்ரடாருக்கு விளையாட்டு, மூன்று கிலோப் பூனைக்கு உயிர்ப் போராட்டம். ஒரு முறை துரத்திய ருசி கண்ட நாய்க்கு அதை மறக்கவைக்க வாரக்கணக்காகும்.

சாப்பாடு தனித்தனியே, பூனைக்கு எப்போதும் உயரத்தில். தயிர்சாதமும் நாய் உணவும் பூனைக்கு ஆகாது, அதற்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். பூனை உணவு நாய்க்கு அதிகக் கொழுப்பு. மணல் தட்டை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். பூனை மட்டும் நுழையும் அளவுக்குக் கதவைக் கொக்கி போட்டு நிறுத்தலாம்.

உயிரைக் குடிக்கும் இரண்டு பாட்டில்கள்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நாயின் உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நாயின் முதுகை உரசிவிட்டுத் தன் உடம்பை நக்கினாலே நடுக்கம், வலிப்பு, மரணம்வரை போகலாம். உண்ணிக் குளியலுக்குக் கலக்கும் அமிட்ராஸும் ஆபத்து. வீட்டில் பூனை இருப்பதை மருத்துவரிடம் சொல்லி, நாய்க்கு மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தரை துடைக்கும் பினாயில். தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்கும், ஃபீனால் கலந்த திரவங்கள் அதற்கு விஷம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் நான் நேரில் உட்கார்ந்து விளக்கினேன். இப்போது சோப்புத் தண்ணீர் மட்டும்தான். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும், தரையில் விழுந்தால் தேடி எடுத்துவிடுங்கள்.

தடம் புரண்டால்

சண்டை வந்தால் கையை நடுவே விடாதீர்கள். கெட்டியான போர்வையை மேலே போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பெரிய அட்டையை நடுவில் இறக்குங்கள். பூனை கடிபட்டிருந்தால், வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள், உள்ளே கிழிந்திருக்கும். நாயின் கண்ணில் நகம் பட்டிருந்தாலும் அப்படியே. உங்களுக்குக் கீறல் விழுந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். மூன்று நாள் கதவு மூடியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்று நான்கு மாதம் முயன்றும் பூனை ஒளிந்தே வாழ்கிறது, அல்லது நாய் பார்வையை எடுக்கவே இல்லை என்றால், அந்தப் பூனைக்கு நாயில்லாத வீடு தேடிக் கொடுங்கள். அதுவும் அக்கறைதான்.

தனியே விடுவது

இதுதான் கடைசி. நீங்கள் வீட்டில் இருக்கும்போது ஒரு மாதமாவது ஒரு துரத்தலும் இல்லாமல் போயிருக்க வேண்டும். அப்புறம் பக்கத்து அறைக்குப் போய் ஐந்து நிமிடம், பால் வாங்கப் போய்வர பத்து நிமிடம் என்று கூட்டுங்கள். அதுவரை வெளியே போகும்போதெல்லாம் பூனை அதன் அறையில், கதவு சாத்தி.

மிளகு வந்த எழுபத்தாறாம் நாள் மத்தியானம், கூடத்தில் வெயில் விழும் இடத்தில் அவள் கிடந்தாள். வேலன் தண்ணீர் குடிக்கப் போனான், வழியில் அவளைத் தாண்ட வேண்டும். நின்றான், பார்த்தான், சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனான். அவள் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டாள். இப்போது இரவில் மூவரும் கூடத்தில்தான் தூங்குகிறார்கள், லட்டுவுக்கும் மிளகுக்கும் இடையே இரண்டடி தூரம் எப்போதும் உண்டு. நாள் முழுக்க வெளியே போகவேண்டி வந்தால் மட்டும் அந்தக் கதவை இன்றும் சாத்திவிட்டுத்தான் போகிறோம்.